துணியில் ஏறிய மண் வாடை

மதினி, நேற்றுச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “அம்மா, இதுல ஒரு மாதிரி வாடை அடிக்குது” என்றாள். தூத்துக்குடியில் ஒரு வாரமாக மழை. கடல் காற்றும் சேர்ந்துகொண்டதால் எந்தத் துணியும் முழுசாகக் காய்வதில்லை. குனிந்து முகர்ந்தேன். ஈரம் தங்கிய துணியில் வரும் பூஞ்சை வாடைதான். ஆனாலும் பிள்ளையை அப்படியே நிற்க விட்டுவிட்டு உள்ளே போய், பீரோவை ஒரு முழம் இழுத்துப் போட்டு, அதன் பின்னாலிருந்த சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வாசலில் வந்து நின்ற என் வீட்டுக்காரர், “சுவத்துல என்ன கேக்குது?” என்று சிரித்தார். சுவர் உலர்ந்துதான் இருந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போன ஆடியில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். அதற்குப் பிறகு வந்த முதல் மழை இது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தது தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதம். குலசேகரம் பக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே, மழை ஓயாத ஊர் உங்களுடையது. அங்கிருந்து கோவில்பட்டிக்கு. கயத்தாறு தாண்டியதும் மரங்களெல்லாம் காணாமல் போய், வெடித்துக் கிடந்த கறுப்பு மண்ணை மட்டும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தீர்களாம். “இஞ்ச ஆளுவ எதப் பாத்துட்டு இருப்பாவன்னு நெனச்சேன் மக்கா” என்று பின்னால் என்னிடம் சொன்னீர்கள். உங்களைவிட நான் மூன்று வயதுதான் இளையவள். என்றாலும் முதல் நாளிலிருந்தே என்னை ‘மக்கா’ என்றுதான் கூப்பிட்டீர்கள்.

எங்கள் ஊரில் துணி காயப்போடுவது ஒரு வேலையே இல்லை. கடைசித் துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் முதல் துணி மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். துவைக்கத் தண்ணீர் கிடைக்குமா என்பதுதான் எங்கள் கவலை. நீங்களோ அந்த வெயிலிலும் ஒவ்வொரு துணியையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஒன்றை ஒன்று தொடாமல் இடம்விட்டுப் போடுவீர்கள். மடிப்பதற்கு முன் பாவாடையின் நாடா மடிப்பையும் சட்டையின் காலர் ஓரத்தையும் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பீர்கள். “கைக்கு ஈரம் தெரியாது, கேட்டியா. கன்னத்துக்குத் தெரியும்.” அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இவ என்னடி, துணிக்கு முத்தம் குடுக்கா” என்று என்னிடம் கேலி பேசுவாள். அது வெறும் கேலியாக இருந்த காலம் அது.

நம் வீட்டின் அமைப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள். நடு அறையின் வடக்குச் சுவரில் பதித்த மர அலமாரியில்தான் எல்லாருடைய துணியும் இருக்கும். அதை ஒட்டி அப்பாவின் கயிற்றுக் கட்டில். பலசரக்குக் கடையிலிருந்து மத்தியானம் சாப்பிட வருகிற அப்பா, அதில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் மறுபடி கடைக்குப் போவார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை. அது தெருவே ‘அண்ணாச்சி’ என்று அழைக்கும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிக்குச் சொந்தம். என் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், அவருடைய ஆபீஸில்தான் லாரியில் சரக்கு ஏற்றிவிடும் வேலை பார்த்தார். புரட்டாசியில் அந்த மனையில் சரக்கு அடுக்கப் புதுக் கிட்டங்கி கட்ட வானம் தோண்டினார்கள். அஸ்திவாரத்துக்குத் தோண்டும் பள்ளத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நம் சுவரை ஒட்டி ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். மழை தொடங்கியதும் கொத்தனார்கள் போய்விட்டார்கள். பள்ளம் அப்படியே கிடந்தது. நமக்கு அது கண்ணிலேயே படவில்லை. நடுவில் சுவர் இருந்ததே.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவே இல்லை. முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். நாகலாபுரம் பக்கமிருந்து கடைக்கு வந்த சம்சாரிகள் தங்கள் நிலத்தில் பருத்தியும் உளுந்தும் முளைத்துவிட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு குறைந்தது. குச்சி காயாததால் தீப்பெட்டி ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக அடைத்தன. தெருவில் கால் வைத்தால் கரிசல் மண் செருப்பைப் பிடுங்கியது. வீட்டுக்குள் கட்டிய கொடிகளில் நம் உடுப்பெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கின.

அந்த நாட்களில்தான் ஒரு காலையில் கல்லூரிக்குப் புறப்பட்ட நான் அலமாரியிலிருந்து வெள்ளைத் தாவணியை எடுத்தேன். அதில் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள். பிரித்ததும் குப்பென்று ஒரு வாடை.

“ஏட்டி, ஈரத்தோட மடிச்சது யாரு?” என்று அம்மா கேட்டாள்.

“நான்தான் அத்தை. காஞ்சுதான் இருந்துது” என்றீர்கள்.

“காஞ்ச துணி எங்கயாவது நாறுமா?”

நீங்கள் அன்றே அலமாரியைக் காலி செய்தீர்கள். வெந்நீரில் ஆப்பச்சோடாவைக் கரைத்துத் துணிகளை ஊறப்போட்டு, கடைசி அலசலில் எலுமிச்சம்பழம் பிழிந்தீர்கள். மின்விசிறியின் கீழே காயவைத்தீர்கள். கரிப்பெட்டியால் தேய்த்தீர்கள். தேய்த்த சூட்டோடு மடிக்காமல் ஆறவிட்டீர்கள். கவிழ்த்த கூடையின் மேல் பரப்பி அடியில் சாம்பிராணி போட்டீர்கள். அலமாரித் தட்டுகளில் சூடத்தையும் சாக்பீஸையும் பொட்டலம் கட்டி வைத்து, காற்றுப் போக இடம் விட்டு அடுக்கினீர்கள். வீடே கோயில் மாதிரி மணத்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இரண்டு நாளில் அந்த வாடை திரும்ப வந்தது.

மறுபடி துவைத்தீர்கள். மறுபடி வந்தது. அம்மாவின் வாயில் வேறு பேச்சு வரத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அத்தையிடம் அடுப்படி ஜன்னல் வழியாக, “இத்தன வருசத்துல என் வீட்டுத் துணி நாறுனதில்ல. இவ வந்த நேரம் வீட்டுக்குள்ள மூதேவி அடைஞ்சிட்டாளோ என்னமோ” என்று சொன்னதை நாம் இரண்டு பேரும்தான் கேட்டோம். அன்றைக்கே, “அந்த ஊரு ஈரம் பெட்டியோட வந்திருக்கு” என்று உங்கள் கல்யாணப் பெட்டியைக் கொல்லைக் கொட்டகைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். விறகுக்கும் வறட்டிக்கும் நடுவில் அதை நீங்களே தூக்கிக்கொண்டுபோய் வைத்தீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் முகத்தில் அழுகை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தீர்கள்.

“மக்கா, முன்னால இருக்க துணி நல்லாத்தான் இருக்கு. பின்னால சுவரத் தொட்டுட்டு இருக்கதுதான் நாறுது. பாத்தியா?”

அதற்குப் பிறகுதான் நானும் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒரு விரலால் தள்ளினால் மூடிக்கொள்கிற அலமாரிக் கதவு இப்போது மூட மறுத்தது. அண்ணன் ஓரத்தை இழைத்துவிட்டார். சில நாளில் அது மறுபடி இறுகிப்போய்த் திறக்கவே வரவில்லை. அப்பாவின் பனியனை உதறியபோது பூரான் விழுந்தது. துணிகளின் மேல் சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. அலமாரியின் மேல் மூலையிலிருந்து கூரையை நோக்கி நூல் போல ஒரு விரிசல் ஓடியது. முந்தின வாரம் அது இருந்ததா என்று நம் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் அலமாரிக்குள் தலையை விட்டு, பின்சுவரில் கன்னத்தை வைத்தீர்கள். வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, “மோந்து பாரு” என்றீர்கள். முகர்ந்தேன். கரிசல் மண்ணின் வாடை. கோடை முடிந்து முதல் மழை விழும்போது ஊரே ஆசையாக மூச்சை இழுக்குமே, அதே மண்தான். ஆனால் அந்த இருட்டுக்குள் அது பாழுங்கிணற்றின் அடியிலிருந்து வருவது போல இருந்தது.

“இது துணிக்க வாடை இல்ல. மண்ணுக்க வாடையாக்கும். இந்தச் சுவரு தண்ணி குடிக்குது.”

அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தீர்கள். மருமகள் மாமனாரிடம் நேரே நின்று பேசுவது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

“மாமா, அந்தப் பக்கம் தண்ணி நிக்குதா?”

“நின்னா நிக்கட்டும்மா. எங்கப்பா சுக்கான் பாறை வரைக்கும் தோண்டிக் கட்டுன சுவரு இது. ஒண்ணும் செய்யாது.”

“அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கலாம்லா?”

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். “அவிய கிட்ட போயி என்னன்னு சொல்லச் சொல்லுத? என் மருமவ சேலையில வாடை வருது, உங்க கிட்டங்கி வேலைய நிப்பாட்டுங்கன்னா?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய வேலை அந்த அண்ணாச்சி கொடுத்தது.

ஒரு குடைக்குள் நாம் இரண்டு பேரும் தெருவைச் சுற்றிக்கொண்டு அந்த மனைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? வானம் தோண்டிய பள்ளமே தெரியவில்லை. விளிம்பு வரைக்கும் கறுத்த தண்ணீர், நம் சுவரில் மோதி அசையாமல் நின்றது. பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லுக்கு நடுவே இருந்த மண் சாந்து கரைந்து வழிந்துகொண்டிருந்தது. நம் கண் முன்னாலேயே கரையிலிருந்து பெரிய மண் கட்டி ஒன்று சத்தமே இல்லாமல் வழுகித் தண்ணீருக்குள் போயிற்று. என் தோளைப் பிடித்திருந்த உங்கள் விரல்கள் சதைக்குள் இறங்கின. நீங்கள் அவ்வளவு பயப்படுவீர்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனை உடனே போகச் சொன்னீர்கள். அவர் போனார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, “மழை வெறிக்கட்டும் தம்பி, மோட்டார் வச்சு எறச்சிருவோம்” என்றாராம். மழை வெறிக்கவில்லை. அன்று ராத்திரி முழுக்கப் பெய்தது.

மறுநாள் காலையில் அப்பா கடைக்குப் போனதும் நீங்கள் செய்ததை அந்தத் தெருவில் எந்த மருமகளும் செய்திருக்க மாட்டாள். அப்பாவின் ஜமுக்காளம், தலையணை, போர்வை என்று எல்லாவற்றையும் உருவிக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டு முக்கினீர்கள். வெளியே கொட்டுகிற மழை. அம்மா ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடியே, கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? இன்னைக்குப் போயி ஜமுக்காளத்த நனைக்கியே, அவிய எதுல படுப்பாவ?”

“வாடை அடிக்குது அத்தை. நனைச்சாச்சு” என்றீர்கள். குரலில் கொஞ்சமும் நடுக்கம் இல்லை.

பிறகு இறுகிக் கிடந்த அலமாரியை நெம்பித் திறந்து, எல்லாத் துணியையும் வாரிக்கொண்டுவந்து முன்னறையில் குவித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து வாரினேன். திரும்பி வரும்போது கதவை இழுத்துப் பொருத்தினீர்கள். வாயை என் காதருகே கொண்டுவந்து, “வெறுங்கயித்துல மாமா படுக்க மாட்டாவ” என்று மட்டும் சொன்னீர்கள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

அப்பா வந்தார். பார்த்தார். “மழையில ஜமுக்காளத்த நனைக்கவ எந்த ஊர்ல இருக்கா?” என்று ஒரே சத்தம். நீங்கள் சுவர் ஓரமாக நின்று வாங்கிக்கொண்டீர்கள். சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்தவர், முன்னறையில் அந்தத் துணிக் குவியலுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தார். அம்மா உங்களைப் பார்த்த பார்வையில், இவள் இந்த வீட்டில் இனி எத்தனை நாளைக்கோ என்று எனக்கே தோன்றியது.

அப்பா கண்ணயர்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். நடு அறையில் கறக்கென்று ஒரு சின்னச் சத்தம். எட்டிப் பார்த்தேன். நீங்கள் பொருத்திவிட்டு வந்த அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டிருந்தது. “பூனை போயிட்டா?” என்று அம்மா அந்த அறைக்குள் கால் வைத்தாள். நீங்கள் பாய்ந்துபோய் அவள் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தீர்கள். இரண்டு பேரும் என் மேல் வந்து விழுந்தீர்கள்.

சுவர் இடிந்து விழும்போது இடி மாதிரிச் சத்தம் கேட்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படிக் கேட்கவில்லை. மூட்டை தூக்குகிறவன் தோளிலிருந்து பெரிய மூட்டையைத் தொப்பென்று இறக்கினது போல ஒரு சத்தம். அறையின் வடக்குப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகுதான் கூரை ஓடுகள் சரிந்து நொறுங்கின. அந்த இடைவெளி வழியாகக் கறுப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. கூடவே அந்த வாடை. அந்த ஒரு மாதமாகத் துணிகளில் நாம் முகர்ந்துகொண்டிருந்த வாடை, வீடு நிறைய.

அப்பா எழுந்து வந்தார். மண்ணுக்கு வெளியே கட்டிலின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் இல்லாமல், “என் தலைமாடு அங்கனதான்” என்றார்.

சாயங்காலம் அண்ணாச்சி குடையோடு வந்து பார்த்தார். “நல்ல வேளை, உள்ள ஆளு யாரும் இல்ல” என்றார். அப்பா அவர் முகத்தைப் பார்த்து, “ஆளு இருந்திருக்கும் அண்ணாச்சி. என் மருமவதான் அங்க படுக்க விடல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். சுவரை அண்ணாச்சியே கட்டிக் கொடுத்தார். அண்ணன் அந்த வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு கடையில் உட்கார்ந்தார். அம்மா அன்றைக்கே கொல்லைக்குப் போய், நனைந்துகொண்டே உங்கள் பெட்டியை இழுத்துவந்தாள். தன் முந்தானையாலேயே துடைத்தாள். திறந்து, குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “ஒரு வாடையும் இல்லையே இதுல” என்றாள். அவளால் அப்படித்தான் மன்னிப்புக் கேட்க முடிந்தது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

வெயில் வந்த முதல் நாள், வீட்டில் இருந்த அத்தனை துணியையும் வெளியே கொண்டுவந்து போட்டோம். கொடி போதாமல் வேலி மேலும் கொட்டகைக் கூரை மேலும் விரித்தோம். அப்போது, ஒரு தாவணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

“எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா மக்கா.”

ஒரே பிள்ளை என்று சொல்லித்தான் உங்களை எங்களுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

“எங்க வீடு மண் திட்ட வெட்டி, அதுக்கு அடியில கட்டுனதாக்கும். ஒரு மழைக்கு அவளுக்க ஸ்கூல் யூனிபார்ம்ல வாடை வந்துது. அம்மை துவைச்சுப் போடுவா. திரும்ப வரும். சோப்பு மாத்துனோம், வெந்நீருல முக்குனோம், அடுப்புக்கு மேல கட்டுனோம். எல்லாரும் துணியத்தான் பாத்தோம். அவ படுக்கது அந்தச் சுவரு ஓரத்துல.” தாவணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினீர்கள். “இப்ப உனக்க வயசு இருக்கும்.”

“அண்ணனுக்குத் தெரியுமா மதினி?”

“சொல்லல்ல. அதச் சொல்லி என்னத்துக்கு? அம்மைக்கு அவ பேரு கேட்டா தாங்காது.”

பேர் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். நீங்கள் அடுத்த துணியை எடுத்துக்கொண்டு கொடியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டீர்கள். அதன் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி நான் தூத்துக்குடிக்கு வந்தேன். அப்பா போனார். உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த வருஷங்கள் வந்தன. கடைசியாக நான் பார்க்க வந்தபோதும் கட்டிலில் படுத்துக்கொண்டே, “அங்க மழை உண்டா மக்கா? வீடு நல்லா இருக்கா?” என்றுதான் கேட்டீர்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு உங்கள் அம்மா வந்திருந்தார்கள். பந்தியெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, கொல்லையில் தனியாக உட்கார்ந்திருந்த அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் தவித்தேன். பிறகு மெதுவாக, “மதினிக்கு ஒரு தங்கச்சி இருந்தாள்னு சொன்னாங்க” என்றேன்.

அவர்கள் திடுக்கிடவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்கள். “உன்னட்ட சொன்னாளா? எங்க வீட்டுல நாங்க அந்தப் பேரையே எடுக்கதில்ல” என்றார்கள். எத்தனையோ வருஷமாகத் திறக்காத ஒன்றைத் திறக்கிற சிரமம் அந்த முகத்தில் தெரிந்தது.

“பிந்து” என்றார்கள். பிறகு இன்னொரு தடவை, பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, “பிந்து.”

நானும் சொன்னேன், மதினி. உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியாத அந்தப் பேரை, நான் இப்போது பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.